இறங்காத எண்ணிக்கை

மாலை ஏழு மணிக்கு மனைவி ஃபோன் செய்வாள். "எவ்வளவு?" என்று கேட்பாள். அவன் ஓர் எண்ணைச் சொல்வான். "சரி, பார்த்துக்கோங்க" என்பாள். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். எட்டு மாதமாகக் குடித்தனம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

அவள் கேட்பது ரோட்டிஃபர் எண்ணிக்கை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீருயிர். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தண்ணீரில் மாவுத்தூள் நெளிவதுபோல் இருக்கும். புதிதாகப் பொரித்த கோமாளி மீன் குஞ்சின் வாயில் அதைவிடப் பெரிய இரை நுழையாது. செத்த இரையை அது தொடவும் தொடாது.

ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் மனைவிக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு என்று போனாள். ஹாலில் ஒரு தொட்டியும் அதில் ஒரு ஜோடி கோமாளி மீனும், குளியலறை வாசலில் ரோட்டிஃபர் வளரும் ஒரு வெள்ளை வாளியும் அவன் பொறுப்பாயின. மூன்று ஆறாகி, ஆறு எட்டானது. கடைசியாக அவள் வந்துபோய்ப் பத்து வாரம் ஆகிறது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த விரல்களுக்கு இந்த வேலை முதலில் பிடிபடவில்லை. காலையில் வாளித் தண்ணீரில் கால் பங்கை மெல்லிய வலைத்துணியில் வடித்தெடுத்து, அந்த அளவுக்குப் புது உப்புத் தண்ணீர் ஊற்றி, ரோட்டிஃபருக்கு இரையாகப் பாசிக்கூழைக் கரைத்துவிட வேண்டும். மாலையில் சிரிஞ்சால் ஒரு மில்லி எடுத்து, கோடு போட்ட கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒரு சொட்டு வினிகரால் அவற்றின் ஓட்டத்தை நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும். முதல் மாதம் தலை சுற்றியது. அப்புறம், எண்ணுகிற அந்தக் கால் மணி நேரம் மட்டும் வீட்டில் இன்னும் யாரோ இருப்பதுபோல் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியின் மேல் மீன் முட்டையிட்டது. அன்றைய ஃபோன் பதினொரு நிமிடம் நீடித்தது.

"எட்டாவது நாள் பொரியும். அதுவரைக்கும் வாளியை விட்டுடாதீங்க," என்றாள். "லீவு கேக்குறேன். கிடைச்சா பொரியறப்போ வந்துடறேன்."

மறுநாள் லீவைப் பற்றி அவனே கேட்டான். கேட்டிருப்பதாகவும் மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமையே ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுபோய், திரும்பிவர மறுநாள் மாலை ஆகும் என்று ஆகிவிட்டது. கிளம்பும் அவசரத்தில், வீட்டு மனுஷருக்குச் செய்வதுபோல், இரண்டு நாள் இரையைச் சேர்த்தே ஊற்றிவிட்டுப் போனான். வியாழன் மாலை கதவைத் திறந்ததும் நாற்றம். வாளியில் நுரை கட்டியிருந்தது. தகட்டில் வினிகர் விடத் தேவையே இருக்கவில்லை. எதுவும் அசையவில்லை.

ஏழு மணிக்கு ஃபோன் வந்தது.

"எவ்வளவு?"

"நூத்தி எண்பது," என்றது அவன் வாய்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வண்ணமீன் கடைக்குப் போனான். ரோட்டிஃபர் என்றதும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது ஆர்டர் போட்டாத்தாண்ணே. பத்து நாள் ஆகும்."

"அவ்வளவு நாள் தாங்காதுங்க."

"முட்டை மஞ்சக்கருவைக் கரைச்சு விட்டுப் பாருங்களேன்."

"உயிரோட இருந்தாத்தான் தின்னுமாம்."

"வீட்டு மீனுக்கு அம்புட்டுக் கிராக்கியா? ஒண்ணு தெரியுமாண்ணே, அந்தப் பொடிசுங்க எல்லாமே பொட்டையாம். ஆம்பளை தேவையே இல்லாம அதுங்களே பெத்துக்குமாம்."

"தெரியும். வீட்டுல சொல்லியிருக்கா."

"அதான் உங்ககிட்ட தங்கல போல."

கடையில் அவனும் சேர்ந்துதான் சிரித்தான். பைக்கைக் கிளப்பியபோது சிரிப்பு போயிருந்தது.

அன்று நூற்றுத் தொண்ணூறு சொன்னான். சனிக்கிழமை இருநூற்று ஐந்து. ஞாயிறு இருநூற்றுப் பதினைந்து. வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். சொல்லும்போது மட்டும் அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். வாளி போய்விட்டது என்று தெரிந்தால் அவள் எதற்கு வருவாள்? வந்தாலோ, வாசலிலேயே தெரிந்துவிடும். இரண்டில் எது மோசம் என்று யோசித்தபடியே நாள் ஓடியது. திங்கள் காலை, முட்டைகளுக்குள் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாக மின்னின.

அன்று மாலை, "இருநூத்தி முப்பது," என்றான்.

அவள் "சரி" சொல்லவில்லை.

"அஞ்சு நாளா ஏறிட்டே இருக்கு," என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"தினம் கால் பங்கு வடிக்கிற வாளிங்க. ஒரு நாளாவது இறங்கியிருக்கணும். எட்டு மாசமா நானும் இங்க எண்ணிட்டுத்தான் இருக்கேன், எனக்கு ஒரு தடவைகூட இப்படி வந்ததில்ல."

ஏறிக்கொண்டே போகும் லிஃப்டை அவனும்தான் பார்த்ததில்லை. இது தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தான்.

"எப்போ போச்சு?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"வியாழக்கிழமை. இரை அதிகமாயிடுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேனே. இங்க தொட்டி தொட்டியா கிடக்கு."

"சொல்லியிருந்தா, அப்புறம் ஏழு மணிக்கு என்னத்தைக் கேப்பே?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தான். அறுபடவில்லை.

"விடிஞ்சா எட்டாவது நாள், ராத்திரியே பொரிஞ்சுடும்," என்றாள் கடைசியில். "சட்டியை எடுத்து, குஞ்சுக்குன்னு வாங்கி வச்ச சின்னத் தொட்டியில வைங்க. பதினொரு மணி பஸ்ல ஒரு கேன் குடுத்து விடறேன். காலைல டிரைவர்கிட்ட வாங்கிக்கோங்க. ஒரு நாள் பசி தாங்கும்."

"லீவு என்னாச்சு?"

"நான் கேக்கவே இல்லீங்க."

"கேட்டிருக்கேன்னு சொன்னே."

"சொன்னேன்."

அவன் அவளைத் திட்டவில்லை. அவளும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

காலையில் சின்னத் தொட்டி முழுக்க ஊசிமுனைக் குஞ்சுகள். பேருந்து நிலையத்தில் ஈரத்துண்டு சுற்றிய கேனை டிரைவர் நீட்டினார். "அம்மா மூணு தடவை சொன்னாங்க, வெயில் படாம வைக்கணும்னு," என்றார். அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்கலாமா என்று நினைத்தான். கட்டிய பெண்டாட்டியைப் பற்றி அடுத்தவரிடம் விசாரிப்பதா என்று பேசாமல் வந்துவிட்டான்.

அன்று வேலைக்குப் போகவில்லை. கேனில் பாதியை வாளியில் விட்டு, மீதியை வடித்துக் குஞ்சுகளுக்கு ஊற்றிவிட்டு, தொட்டியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு குஞ்சு உடலைக் கொக்கி மாதிரி வளைத்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, சட்டென்று நிமிர்ந்து எதையோ கவ்வியது. அவன் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொன்று வளைந்தது. அதற்குத் தப்பிவிட்டது. மறுபடியும் வளைந்தது.

ஏழு மணிக்கு, "எவ்வளவு?" என்றாள்.

"அறுபத்திரண்டு. வழியிலேயே பாதி போயிருக்கும்."

"அது போதும், பெருக்கிடலாம். குஞ்சு எத்தனை?"

"எண்ணல."

"ஏன்?"

"ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வளைஞ்சு வளைஞ்சு பிடிக்குது. காலைலேருந்து பார்த்துட்டே இருக்கேன். எனக்கு முடியல. நீ வந்து எண்ணு."

எட்டு மாதத்தில் 'வா' என்று அவன் சொன்னதில்லை. எப்போது வருவாய் என்றுதான் கேட்டிருக்கிறான்.

அந்தப் பக்கம் பம்புகள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இருங்க, வர்றேன் என்று அவள் யாருக்கோ சொன்னாள்.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள்.

கேட்பாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "கேளு," என்றான்.