திரும்பி வந்த ஸ்வெட்டர்

"கயித்தை இழுங்கன்னா தடவிக் குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

மூட்டையின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்த மனைவி சொன்னதும் கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பஸ் வேலையை விட்டு ஓய்வு பெற்று நாளாகியும் தெருவில் அவர் கண்டக்டர்தான். அவளை அவர் மூட்டைக்காரி என்பார். ஊரில் யார் பீரோவைக் காலி செய்தாலும் துணி அவர்கள் வீட்டு முன்னறைக்குத்தான் வந்து சேரும். துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் வைத்து, மூட்டை கட்டித் தீவுக்குப் படகேற்றுவாள். அரிசிக்கும் மருந்துக்கும் படகையே எதிர்பார்த்திருக்கும் சின்னக் கிராமம் அது. அங்கே ஆண்கள் கடலுக்குப் போவார்கள்; பெண்கள் நாள் முழுக்கக் கரையில் நின்று மீன் வெட்டிக் காயப்போடுவார்கள். எலும்பைத் துளைக்கிற காற்று.

"வீட்டுல உட்கார ஒரு சீட் இல்ல. எல்லாம் ஸ்டாண்டிங்" என்றார் கண்டக்டர்.

"படியில தொங்குங்க, பழக்கம்தானே. சமையலறைக் கதவுக்குப் பின்னால அந்த ஆணி ஆடுதுன்னு எத்தனை தடவை சொல்றது? எதை மாட்டினாலும் விழுது."

"நாளைக்கு அடிச்சுடறேன்."

"உங்க நாளைக்கு என்னைக்கு வந்திருக்கு?"

வெயில் ஏறியதும் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஆணியை நம்பாமல், பக்கத்தில் கிடந்த துணிக் குவியல் மேல் போட்டுவிட்டு அடுத்த சாக்கை விரித்தாள். பேச்சும் கேலியுமாக இரண்டு பேரும் குவியலை வாரி வாரித் திணித்தார்கள். அன்றைக்கு அலை அதிகம். "நீங்க வராதீங்கம்மா, நானே சேர்த்துடறேன்" என்று படகுக்காரர் மூட்டைகளை மட்டும் ஏற்றிப்போனார்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து கேட்டாள். "என் ஸ்வெட்டரைப் பாத்தீங்களா?"

"உன் மூட்டையில போய்த் தேடு" என்றார் கண்டக்டர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

பதில் வரவில்லை. அவர் ஒன்று சொல்லி அவள் பதில் சொல்லாமல் விட்டது கிடையாது. பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனார். அவள் அடுப்புக்குக் கீழே கிடந்தாள். இதயம் என்றார் டாக்டர்.

காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் போய் வீடு ஓய்ந்த பிறகு, கண்டக்டர் அந்த ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்தார். கட்டிலடி, பரண், துவைக்கிற இடம் எங்கும் இல்லை. விளையாட்டாகச் சொன்னது நிஜமாகவே நடந்திருக்கிறது என்பது மெல்லத்தான் உறைத்தது. அவளுடைய மற்றத் துணிகளையெல்லாம் மச்சினி நல்ல எண்ணத்தில் துவைத்து அடுக்கிவிட்டாள். அவள் வாசனை எங்காவது மிச்சம் இருக்குமென்றால் அந்தப் பச்சை ஸ்வெட்டரில்தான். அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான்.

முன்னறையில் மிச்சமிருந்த துணியை மூட்டை கட்டி, தானே கொண்டுபோவதாகச் சொன்னார். "பெண்டாட்டி விட்டதைப் புருஷன் எடுத்துச் செய்யறார் பாருங்க" என்று தெருவே மெச்சியது. அவர் மறுக்கவில்லை.

தீவில் வலை பழுது பார்க்கும் கொட்டகையின் மேசைகளில் துணியை விரித்து வைத்தார்கள்.

"ஆச்சு, வாங்க வெளிய போலாம்" என்றார் படகுக்காரர்.

"வெளியவா? யார் குடுக்கிறது?"

"அம்மா குடுக்க மாட்டாங்க. விரிச்சு வெச்சுட்டு அதோ அந்தப் பாறை மேல போய்க் கடலைப் பாத்து நின்னுடுவாங்க. யார் எதை எடுத்தாங்கன்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இடது கைக்குத் தெரியாமக் குடுக்கணும்பாங்க, இவங்க கண்ணுக்கே தெரியாமக் குடுத்தாங்க."

கண்டக்டருக்கு இது தெரியாது. ஒரு தடவையாவது என்கூட வாங்களேன் என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம், கடல் ஒத்துக்காது என்று தட்டிக் கழித்தவர்.

"நீங்க போங்க. நான் இங்கயே நிக்கறேன்."

கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, டிக்கெட் எடுக்காதவனைத் தேடுகிற கண்ணால் வருகிறவர்களின் உடம்பை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெண்கள் கூசினார்கள். கைக்குக் கிடைத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

கடைசியில் ஒருத்தி மீன் வெட்டிய கத்தியோடு அப்படியே வந்தாள். உடம்பில் பச்சை ஸ்வெட்டர். வேலைக்கு இடைஞ்சல் என்று அதன் கைகளை முழங்கையோடு வெட்டி ஓரம் அடித்திருந்தாள். பின்கழுத்தில், ஆணியில் மாட்டுவதற்காக அவர் மனைவி தைத்த சிவப்பு நாடா மட்டும் அப்படியே இருந்தது.

"அது என் சம்சாரத்தோடதும்மா. தவறி மூட்டையில வந்துடுச்சு."

வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது.

"அம்மாவோடதா?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே மெல்லிய சட்டை, குளிரில் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. "கையை வெட்டிட்டேங்க. தெரியாமப் போச்சு."

"பரவாயில்லம்மா. நல்லதா வேற ஒண்ணு எடுத்துக்க."

"இருக்கட்டுங்க" என்று வெறுங்கையோடு போனாள்.

ஆள் மறைந்ததும் அவசரமாக முகத்தில் வைத்துப் பார்த்தார். மீன், உப்பு, வேறு ஏதோ சோப்பு. அவள் இல்லை.

படகில் ஏறப் போகும்போது நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து, மடித்த கம்பளிக் கோட்டு ஒன்றைப் படகுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பாறை மேல் வைத்தாள். "போன தடவை வந்ததுங்க. இதுவும் யாரோடதாவதா இருக்கும்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. கேட்டு அலைய வேண்டாம்னு நாங்களே கொண்டாந்துட்டோம்."

பின்னால் இன்னும் வந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. எல்லாம் துவைத்து மடித்த துணி. குழந்தைகளின் கம்பளிச் சட்டைகூட இருந்தது.

"ஐயோ, அப்படி இல்லம்மா! இதெல்லாம் உங்களோடதுதான்!"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சிருந்தோம்" என்றாள் நடுவயதுப் பெண், மரியாதையாக.

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "டிக்கெட்டைக் குடுத்துட்டு ஆளை நடுவழியில இறக்கி விட்டுட்டீங்களே கண்டக்டரே."

கண்டக்டர் ஸ்வெட்டரைக் குவியலின் மேல் வைத்தார். "எல்லாத்தையும் எடுத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பாறையின் விளிம்பு வரை நடந்து கடலைப் பார்த்து நின்றார். திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது; யாரோ கிசுகிசுத்தார்கள்; பிறகு காற்று மட்டும். இதைத்தான் அவள் வருஷக்கணக்காகத் தனியாக நின்று கேட்டிருக்கிறாள்.

படகுக்காரர் குரல் கொடுத்ததும் திரும்பினார். குழந்தைகளின் துணி போயிருந்தது. பெரியவர்களுடையது ஒன்றுகூடப் போகவில்லை. ஸ்வெட்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. காற்று அடித்துப் போகாமல் அதன் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். அவர் கரையைப் பார்த்தார். மீன் காயும் பரண்களுக்கு நடுவே பெண்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் எந்த முதுகு ஸ்வெட்டரைக் கழற்றித் தந்தவளுடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, திரும்பி வந்த மூட்டைகளை முன்னறையில் இறக்கினார். உட்கார இடம் இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய், சிவப்பு நாடாவைப் பிடித்து ஸ்வெட்டரை மாட்டினார்.

ஆணி ஆடிக்கொண்டுதான் இருந்தது.