ஒரு விரல் ஈரம்

ஆறு ஆண்டுகளில் கோமளா பிடித்தது நாற்பத்து மூன்று மலைக்கெண்டைகள். அமராவதி அணைக்கு மேலே, மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை போடுவாள். சிக்கிய மீனின் வால் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டிக்கொண்டு, திரும்பவும் நீரில் விட்டுவிடுவாள். அந்தத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அழிந்துவரும் அந்த மீனில் இன்னும் எத்தனை வம்சங்கள் மிச்சமிருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நான்கு வம்சங்கள் கிடைத்திருந்தன. இடையில் ஒருமுறை பாறையில் வழுக்கி முழங்கை முறிந்தது. உடுமலையில் தென்னந்தோப்பு வைத்திருந்த அவள் அப்பா, "மீன் புடிக்கறதுக்கா உன்னய இத்தன படிக்க வெச்சது?" என்று கேட்டுவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்.

பிரத்யுஷா கோமளாவின் ஆய்வகத்தில் வந்து சேர்ந்தது ஒரு ஜனவரியில். பெரியநாயக்கன்பாளையத்துப் பெண், அப்பாவுக்கு அங்கே பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை. அவளிடம் வலை கிடையாது. ஒரு ஐஸ் பெட்டி, கையால் இயக்கும் வடிகட்டும் பம்ப், லிட்டர் பாட்டில்கள், அவ்வளவுதான். மீன் நீந்திய தண்ணீரில் அதன் சளியும் செதிளும் கழிவும் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டினால் மீனைத் தொடாமலே அதன் டிஎன்ஏவைப் படித்துவிடலாம் என்றாள்.

மார்ச்சில் முதல் முடிவு வந்தது. ஒன்பது பாட்டில் தண்ணீரில் கோமளாவின் நான்கு வம்சங்களும் இருந்தன. 'இங்கே மலைக்கெண்டை இல்லை' என்று கோமளா எழுதிக்கொடுத்திருந்த புளியம்பாறை ஓடையிலும் மீன் இருப்பது தெரிந்தது.

"ஏம்மா கோமளா, நீ ஆறு வருசம் முங்கி முங்கித் தேடுனத இந்தப் புள்ள ஒம்பது பாட்டில்ல புடிச்சுபோட்டா பாரு!" என்று பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். பிரத்யுஷா மட்டும், "அக்காவோட மீனுங்க இல்லீனா எனக்கு எது என்னன்னே தெரிஞ்சிருக்காதுங்க சார்" என்றாள். அவள் நல்லவளாகவும் இருந்ததைத்தான் கோமளாவால் பொறுக்கவே முடியவில்லை.

அதன்பிறகு கோமளா அவளைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவள் எழுதியதில் எழுத்துப் பிழை தேடினாள். பேராசிரியர் அறைக்குள் அவள் எத்தனை நிமிடம் இருக்கிறாள் என்று பார்த்தாள். ஒரு வாரம் அவள் காய்ச்சலில் வராதபோது, காலையில் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கப் பிடித்திருந்தது. கொச்சியில் நடந்த கருத்தரங்குக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். பிரத்யுஷா போனாள். அவள் திரையில் காட்டிய படங்களில் கோமளாவின் ஆறு வருடம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது.

மே மாதம், மழைக்கு முன்னால் இன்னொரு முறை தண்ணீர் எடுக்க மூன்று பேராகப் போனார்கள். கோமளா, பிரத்யுஷா, யானை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வனக்காவலர் பொங்கியண்ணன். புளியம்பாறை ஓடையில் மேலும் கீழுமாகப் பதினோரு பாட்டில்கள் நிரப்பினார்கள்.

இந்த வேலையில் இன்னொரு பாட்டிலும் உண்டு. ஆய்வகத்திலேயே சுத்தம் செய்து மூடிக் கொண்டுவரும் வெறும் தண்ணீர். பிளாங்க் என்பார்கள். அதையும் ஓடைக்கரையில் திறந்து, அதே பம்பில் வடிகட்ட வேண்டும். அதில் மீனின் சுவடே இருக்கக்கூடாது. இருந்தால் கையோ கருவியோ அசுத்தமாகிவிட்டது என்று பொருள். அன்றைய பாட்டில்கள் எதையும் நம்ப முடியாது.

"அக்கா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? வடிகட்டற தாள் ஜீப்புலயே இருக்குது. எடுத்துட்டு வாரேன்" என்று மூடி திறந்த பிளாங்கை கோமளா கையில் கொடுத்துவிட்டு பிரத்யுஷா மேடேறினாள். பொங்கியண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்து நின்றார்.

கோமளா யோசித்ததாகவே அவளுக்கு நினைவில்லை. கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலை ஓடையில் முக்கி, பாட்டிலுக்குள் விட்டு எடுத்தாள். நாலைந்து சொட்டு இருக்கும். திரும்பவும் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அம்மணி, காலு கீலு வழுக்கிறப் போவுது, பாத்து" என்றார் பொங்கியண்ணன், திரும்பிப் பார்க்காமலே.

ஜூன் மூன்றாவது வாரம் முடிவு வந்தது. பேராசிரியரோடு கோமளாவும் பிரத்யுஷாவும் அவருடைய கணினி முன்னால் நின்றார்கள். பதினோரு பாட்டில்களில் இரண்டு புது வம்சங்கள். இதுவரை யாரும் பார்க்காதவை. பிரத்யுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் இன்னும் கீழே நகர்த்தினார். பிளாங்க் வரியிலும் மலைக்கெண்டை இருந்தது.

பேராசிரியர் சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"போச்சு" என்றார் அவர். "மொத்தமும் போச்சு."

"நாந்தானுங்க சார்... கையுறை மாத்தாம விட்டிருப்பேன்" என்றாள் பிரத்யுஷா. அழுதாள். கோமளா அவள் தோளில் கை வைத்து, "அடுத்த தடவ பாத்துக்கலாம் கண்ணு" என்றாள். அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நாலு நாள் கோமளா நிம்மதியாகத் தூங்கினாள். ஐந்தாம் நாள், ஓடைக்கரையில் மீன்களை எடுத்த பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அந்த இரண்டு வம்சங்களும் உண்மை. பதினோரு பாட்டில்களிலும் எந்தக் கோளாறும் இல்லை. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆறு வருடமாக அவள் தேடிய மீன் அந்த ஓடையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தும் ஆகிவிட்டது. இல்லாமல் ஆக்கியது அவள் விரல்.

பிரத்யுஷா ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். பத்து நாள் பார்த்துவிட்டு, கோமளா காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பிரத்யுஷாவின் அம்மா ராமாமணி கதவைத் திறந்தார். "வாங்க கண்ணு. நீங்களாச்சும் சொல்லுங்க. இனிமே போவுலீங்கறா. அப்பா பட்டறையிலயே கணக்கு எழுதறேங்கறா" என்று சொல்லி, மோர் எடுத்துவர உள்ளே போனார்.

பிரத்யுஷா எதிரே வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"அது உன்ற தப்பில்ல" என்றாள் கோமளா.

"பரவால்லீங்கக்கா. ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்."

"ஆறுதலில்ல. நாந்தான் செஞ்சேன். நீ ஜீப்புக்குப் போனப்ப, விரல ஓடையில நனைச்சு உள்ள விட்டேன்."

பிரத்யுஷா நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குங்க?"

"ஆறு வருசமா எனக்குக் கெடைக்காதது உனக்குக் கெடைக்குதுன்னு."

ராமாமணி இரண்டு டம்ளர் மோரோடு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நான் தெனமும் அந்த ஒரு நாள மறுபடி மறுபடி நெனச்சுப் பாத்தேனுங்க" என்றாள் பிரத்யுஷா. குரல் உயரவில்லை. "எங்க தொட்டேன், எங்க விட்டேன்னு. நீங்க பக்கத்துல நின்னு தோளத் தட்டுனீங்க." எழுந்துகொண்டாள். "சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் கோமளா சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றாள்.

"அப்ப அந்த ரெண்டும் நெசந்தான்னு சொல்ற" என்றார் கடைசியில்.

"ஆமாங்க சார்."

"நீ சொல்றத வெச்சு நான் எழுத முடியுமா? பிளாங்க்ல மீன் இருக்குது. எங்க ஆராய்ச்சியாளரே வேணும்னு கலந்துபோட்டாங்கன்னு எழுதறதா? மோசடி பண்ணுனவ வாக்க எவன் நம்புவான்?" அவளைத் திட்டத்திலிருந்து நீக்கினார். நாற்பத்து மூன்று மீன்களை வைத்துத் தன் ஆய்வேட்டை மட்டும் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டார். அது அவள் எதிர்பார்த்ததைவிடக் கருணைதான்.

பிரத்யுஷா திரும்பி வந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் ஓடைக்குப் போக முடியவில்லை. அக்டோபர் வெள்ளத்தில் புளியம்பாறை ஓடை கரையுடைத்து ஓடியது. ஜனவரியில் தண்ணீர் வடிந்ததும் அதே பதினோரு இடங்களில் மறுபடியும் எடுத்தார்கள். புது வம்சம் ஒன்று கிடைத்தது. இன்னொன்று இல்லை. ஏப்ரலிலும் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

ஐந்து வம்சங்கள் என்று கட்டுரை வந்தது. உடுமலையில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கோமளா அதை இரண்டு முறை வாசித்தாள். பிரத்யுஷா தெளிவாக எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் கோமளாவுக்குள் அந்தப் பழைய புகைச்சல் எழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது போகவில்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மாலை பிரத்யுஷா போன் செய்தாள். அந்த வீட்டை விட்டு வந்தபிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்" என்றாள். "அந்த ஆறாவது. நீங்க கலந்தது பிளாங்க்ல மட்டுந்தானுங்களே? பதினோரு பாட்டில்ல எதையும் தொடலீங்களே?"

"தொடல. சத்தியமா."

"அப்படீனா அது இருந்துச்சு."

"இருந்துச்சு."

"என்னால அத எங்கயும் எழுத முடியாதுங்க."

"தெரியும்" என்றாள் கோமளா.

மறுமுனையில் பட்டறை இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பிரத்யுஷா வைத்துவிட்டாள்.