கதவைக் கழற்றச் சொன்னவர்

காலைக் காபி முடிந்து வெகுநேரமாகியும் கோவிந்தம்மாள் வரவில்லை. தொட்டியில் முந்தின நாள் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்டின் பால்கனியிலிருந்து கீழே எட்டி எட்டிப் பார்த்துவிட்டு மங்களம் உள்ளே வந்தாள்.

"போனையும் எடுக்க மாட்டேங்கறா. ஒரு வார்த்தை சொல்லிட்டு லீவு போடப்படாதோ? நாம என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

அனந்தகிருஷ்ணன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோவிந்தம்மாள் ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவளுடைய கணவர் கருப்பசாமியை நேற்று லக்ஷ்மிபாய் நகரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, நாலடி தள்ளி நின்று பார்த்தவர் அவர்தான். கருப்பசாமியை அங்கே வேலைக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்ன பொய்களைக் கண்டுபிடித்தவருக்கு, சொந்த மனைவியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

எல்லாம் ஒரு கதவால் வந்த வினை.

லக்ஷ்மிபாய் நகரில் அவர் பிறந்து வளர்ந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ் வரிசையை இடிக்கப் போவதாகச் சேதி வந்ததிலிருந்து மனிதருக்கு நிலை கொள்ளவில்லை. அப்பா மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீஸர். இரண்டே அறைதான், ஆனால் அந்த வீட்டில் இருந்த இடம் இப்போதைய மூன்று அறை ஃப்ளாட்டில் இல்லை என்பார். குளிர்காலத்தில் வெயில் விழுந்த புல்வெளியில் அம்மாவும் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியும் ஸ்வெட்டர் பின்னுவார்கள். இவளுக்கு அவள் பாஷை அரைகுறை, அவளுக்கு இவள் பாஷை சுத்தமாகத் தெரியாது, ஆனால் பேச்சு மட்டும் நின்றதே இல்லை. மூங்ஃபலி என்ற வேர்க்கடலையை உரித்த தோல் காலடியில் குவிந்துகொண்டே போகும். கோடையில் தெருவே கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து படுக்கும். கூலரில் நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் வாசனை வாசல்வரை வரும்.

அந்த வாசலில்தான் கம்பிவலைக் கதவு இருந்தது. ஹிந்தியில் ஜாலி என்பார்கள். ஸ்பிரிங் வைத்தது, கையை விட்டால் தானே போய்ச் சாத்திக்கொள்ளும். அப்பா சத்தம் வராமல் பிடித்துச் சாத்துவார். அக்கா ருக்கு விட்டாளானால் படார். அடுப்படியிலிருந்து திரும்பாமலே அம்மா, "ருக்கு, கை கால் அலம்பிண்டு வா" என்பாள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, ருக்கு கனடாவில் இருக்கிறாள். கதவாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது அவருக்கு. தோன்றியதில் தப்பில்லை. ஆசைக்கு யார் வரி போட முடியும்?

திரிலோக்புரியில் குடியிருந்த கருப்பசாமி தச்சு வேலை, பூச்சு வேலை எது கொடுத்தாலும் செய்பவர். அவரை அழைத்துக்கொண்டு போனார். காலியான வீடுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் பலகையைப் படித்தார், படித்துவிட்டுப் படிக்காதவர் போலக் கயிற்றைத் தூக்கினார்.

"பர்மிசன் வாங்கிட்டீங்களா சார்? பின்னால ஒண்ணும் வம்பு வராதே?" என்று கருப்பசாமி கேட்டார்.

"எல்லாம் சொல்லியாச்சுப்பா. எங்க வீடு இது, என்னை யார் கேக்கப் போறா? நீ ஆரம்பி."

கதவு நிலையோடு இறுகிக் கிடந்தது. நெம்பியதில் நிலை பெயர்ந்து, கூடவே செங்கலும் காரையும் சரிந்து, பக்கத்து ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார், பின்னாலேயே ஒரு கான்ஸ்டபிளும் வந்தார். காலி வீடுகளில் ஒரு மாதமாகக் குழாய்களும் ஜன்னல் கம்பிகளும் திருடு போய்க்கொண்டிருந்தன. யாராவது சிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களுக்குக் கையில் கடப்பாரையோடு கருப்பசாமி சிக்கினார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற அனந்தகிருஷ்ணனை திருடர் கூட்டத்தில் சேர்க்கக் கான்ஸ்டபிளுக்குத் தோன்றவே இல்லை. "அங்கிள்ஜி, தோடா ஹட் ஜாயியே" என்று மரியாதையாக ஒதுங்கச் சொன்னார்.

அனந்தகிருஷ்ணன் ஒதுங்கினார். கருப்பசாமி திரும்பிப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

இப்போது மங்களம் குளிக்கப் போன நேரம் பார்த்து, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, வக்கீல் ஜெயசீலனுக்குப் போன் போட்டார். தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஜெயசீலனின் பெற்றோர் பாளையங்கோட்டைக்காரர்கள். டெல்லியிலேயே தலை நரைத்தும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொதுச் சொத்த சேதப்படுத்துன கேஸ் சின்ன கேஸ் இல்லடே. அங்க காணாமப்போன குழாயெல்லாம் சேத்து அவரு தலையில கட்டிருவானுவ. உள்ள போனா வருசக்கணக்குல இழுக்கும்."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"இருக்கு. கெட்ட எண்ணத்தோட செஞ்சானா இல்லையாங்கிறதுதான் முக்கியம். அனுமதி இருக்குன்னு நம்பிச் செஞ்சவன் குத்தவாளி இல்ல. ஆனா அத அவரு சொன்னா எவன் நம்புவான்? கழட்டச் சொன்னவன்தான் வந்து சொல்லணும். சொன்னா கேஸ் அவன் மேல திரும்பும். வக்கீலா சொல்லுதேன், நீ வாயத் தொறக்காத."

"அப்புறம்?"

"வேற என்னத்தச் சொல்ல? உங்கப்பா ஒரு காலண்டர் மாட்டக்கூட அந்தச் செவுத்துல ஆணி அடிக்க மாட்டாரு, ஞாபகம் இருக்கா? 'சர்க்கார் வீடுடா, நமக்கப்புறம் வரவனுக்கும் வேணும்'ன்னு ஜன்னல் கம்பியில நூலக் கட்டித்தான தொங்க விட்டாரு. அவரு புள்ள நீ வீட்டயே பேத்திருக்க."

போனை வைத்தபின் அனந்தகிருஷ்ணன் அங்கேயே நின்றார். இத்தனை நாள் நினைத்து நினைத்து உருகியதில் அந்த நூல் மட்டும் எப்படி நினைவுக்கு வராமல் போயிற்று? கதவின் சத்தத்தைக் காது பத்திரமாக வைத்திருந்தது. கதவு யாருடையது என்று அப்பா சொன்னதைத்தான் காது விட்டுவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கோவிந்தம்மாள் நின்றாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. குளித்துவிட்டு வந்த மங்களம் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"வேலைக்கு வரலம்மா. சாரப் பாக்க வந்தேன்" என்றாள் கோவிந்தம்மாள். அனந்தகிருஷ்ணனை நேராகப் பார்த்தாள். "நேத்து புடிச்சிக்கினு போனவங்க இன்னும் உடல சார். எங்கூட்டுக்காரரு ஒங்க பேர வாயத் தொறந்து சொல்லல. டேசன்ல போயி ஏன்யா சொல்லலன்னு கேட்டேன். 'பெரிய மனுசரு, வீட்டாண்ட போலீசு போயி நின்னா அவருக்கு அசிங்கம், அவரே வந்து சொல்லுவாரு'ன்றாரு. வாசலப் பாத்துக்கினே குந்திருக்காரு சார்."

"எந்தப் பேரு? என்னன்னா சொல்றா இவ?" என்று மங்களம் பதறினாள்.

அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மங்களம் கேட்டு முடித்தாள்.

"அந்தக் கதவை இங்க எந்த வாசல்ல மாட்டறதா இருந்தேள்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய் அவருடைய செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டாள். "கிளம்புங்கோ."

போலீஸ் தாணாவில் இன்ஸ்பெக்டர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், டீயும் வந்தது. பெஞ்சின் ஓரத்தில் குந்தியிருந்த கருப்பசாமி அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்துகொண்டு வந்தவருக்கு, அங்கே நிம்மதிதான் தெரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோகிறார்கள். அம்போ எய்தவனைக் கண்டு சந்தோஷப்படுகிறது. இதைவிட ஒரு மனிதனை வெட்கப்பட வைக்க என்ன வேண்டும்?

"அந்த வீட்டுக் கதவைக் கழற்றச் சொன்னது நான். அனுமதி இருக்கிறது என்று அவரிடம் பொய் சொன்னதும் நான்" என்று ஹிந்தியில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஷரீஃப் ஆத்மி லக்தே ஹைன் ஆப். கர் ஜாயியே" என்றார். நல்ல மனிதராகத் தெரிகிறீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம்.

"நல்ல மனிதனாகத் தெரிந்ததால்தான் நேற்றே வீட்டுக்குப் போனேன். இன்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

எழுதிக் கொடுத்தார். சேதி கேட்டு ஜெயசீலன் கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தார், போனில் பேசியதற்கு நேர்மாறாக, உற்சாகமாக. மாஜிஸ்திரேட் முன்னால் கருப்பசாமிக்காக அவர்தான் வாதாடினார். ஏமாற்றப்பட்டவர், திருட வந்தவர் இல்லை என்றார். அன்று சாயந்திரமே கருப்பசாமிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கில் அனந்தகிருஷ்ணனின் பெயரும் ஏறியது. அவருக்கும் ஜாமீன் கிடைத்தது, ஆனால் இனி வாய்தா வாய்தாவாக அந்தப் படிகளில் ஏறி இறங்க வேண்டும்.

கோர்ட் வாசலில் அனந்தகிருஷ்ணன் கருப்பசாமியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடுப்பா."

"உடுங்க சார். அதான் வந்துட்டீங்கல்ல" என்று கருப்பசாமி கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

கோவிந்தம்மாள் விடவில்லை. குரலை உயர்த்தவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வக்கீல்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிப்பு இருக்கட்டும் சார். எங்க கை ஒங்க சொல்லக் கேட்டுத்தான் வேலை செய்யுது. வேலை சொல்ற வாயி, வம்பு வந்தா முன்னால வந்து நின்னு பதில் சொல்லணும். அந்தத் தைரியம் இல்லாதவங்க எங்களுக்கு வேலையே சொல்லக் கூடாது."