குத்துக்கல்லுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு

"இது சும்மா குத்துக்கல் இல்ல ஜெர்வின். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி செத்த யாருக்கோ நட்டு வச்சது."

"அப்ப கல்லறையா மேடம்?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

சோழபுரத்துப் பருத்திக்காட்டில் மூன்று மாதத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சைத் தொல்லியல் துறை எலினா மறந்திருக்கலாம். காட்டுக்காரன் ஜெர்வின் மறக்கவில்லை. அதன்பின் நாலு முறை, "கல்லு லேசா சாயுதாப்ல இருக்கு மேடம்" என்று போன் செய்தான். நாலு முறையும் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனாள். கல் ஒரு நூல்கூட நகர்ந்திருக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்த கையோடு, மிச்சச் சுண்ணாம்பைக் காட்டுக்குத் தூக்கிவந்து ஒன்பதடிக் கல்லுக்கும் பூசிவிட்டான் ஜெர்வின். ஒரு செவ்வந்தி மாலை, இரண்டு மெழுகுவர்த்தி வேறு.

மறுநாள் காலை எலினா ஹெல்மெட்டைக் கழற்றாமலே திகைத்து நின்றாள்.

"யாரு பாத்த வேல இது?"

"நாந்தான். பாவம், அவியளுக்குன்னு யாரு இருக்கா?"

"பதினோரு மணிக்கு எங்க பெரிய மேடம் வாராங்க! பாதுகாக்கணும்னு நான் எழுதிக்கொடுத்த கல்லு, மாப்பிள்ள கணக்கா நிக்குது!"

சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை. ஜெர்வின் பம்புசெட்டைப் போட்டான்.

"கம்பி பிரஷ்ஷத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன். துணியால மட்டும்."

இரண்டு பேரும் நனைந்துகொண்டே தேய்த்தார்கள். ஜீப் வந்தபோது கல் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. ஒரு விரிசலில் மட்டும் வெள்ளைக் கோடு. எலினா எதையும் மறைக்கவில்லை. பெரிய மேடம் மாலையைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்ற ஜெர்வினைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இனிமே பூ மட்டும் போடுங்க தம்பி" என்று சொல்லிப் பரிந்துரையில் கையெழுத்திட்டார்.

ஜீப் கிளம்பியது.

"அடுத்த மாசம் வேலி போட்டு வாட்ச்மேனும் வந்துருவாரு. இனி நீங்க போன் பண்ணிக் கஷ்டப்பட வேண்டாம்" என்றாள் எலினா, துப்பட்டாவைப் பிழிந்தபடி.

அவள் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டாள்.

"மேடம்..."

"என்ன, மறுபடி சாயுதா?"

"அது என்னைக்குமே சாயல." கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஒங்க வீட்டுக்கு வாரேன். அப்பாகிட்ட ஒங்களப் பொண்ணு கேக்கட்டுமா?"