ஏழாம் எண் போர்ட்

தங்கையாவின் மண்டையில் பதினேழு தையல். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. வியாழக்கிழமை மாலை மலாக்கா பெரியாஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்ற இந்திராதேவிக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. டுரியான் துங்கால் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள், அவர் கேட்டில் ஜாகா, காவல்காரர். அவராகவே பேசினார்.

"போன வெள்ளிக்கெழம மத்தியானம் கேட்டு கம்ப்யூட்டர் செத்துப் போச்சும்மா. அந்த நேரம் பாத்து ஒரு லோரி வெளிய வந்துச்சு. சூராட் எங்கடா, கடுதாசியக் காட்டுன்னு மறிச்சேன். பின்னாலேருந்து இரும்புக் குழாயால போட்டானுங்க. மொகம் தெரியல."

மறுநாள் காலை முதல் வேலையாக இந்திராதேவி மாடியிலிருந்த சுவிட்ச் அறையைத் திறந்தாள். தொழிற்சாலையின் எல்லாக் கம்ப்யூட்டர் கம்பிகளும் அந்தச் சுவிட்சில்தான் வந்து சேரும். ஏழாம் எண் போர்ட்டில், அதாவது கம்பி சொருகும் ஏழாவது துளையில், கேட்டு கம்ப்யூட்டர். வெளியேறும் ஒவ்வொரு லோரியின் நம்பரும் எடையும் அதன் வழியாகத்தான் ஆபீசுக்குப் போகும். சுவிட்ச் தன் நினைவில் வைத்திருந்த பதிவை அவள் வரிவரியாகப் படித்தாள். போன வெள்ளி, பன்னிரண்டு நாற்பதுக்கு ஏழாம் எண் மூடப்பட்டிருந்தது. ஒன்று ஐந்துக்குத் திரும்பத் திறந்திருந்தது. அதற்கு முந்திய இரண்டு வெள்ளிகளிலும் அப்படியே. மலாய்க்கார ஆண்கள் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம். அப்போது வெளியேறிய சரக்கு எதுவும் ஆபீஸ் கணக்கில் ஏறியிருக்காது. மூடச் சொல்லிக் கட்டளை வந்த கம்ப்யூட்டர் எது என்பதும் அதிலேயே இருந்தது.

ஸ்டோர் சூப்பர்வைசர் நாகமுத்துவின் கம்ப்யூட்டர்.

நாகமுத்து அவளுடைய அக்கா பெரியநாயகியின் கணவன். கம்ப்யூட்டர் டிப்ளமாவை வைத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் சும்மா இருந்தவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். ஐந்து மாதத்துக்கு முன்பு, "லைன் படுத்துக்கிட்டா ஒவ்வொரு தடவையும் ஒன்னையத் தேடிக்கிட்டு ஓடணுமா?" என்று அவன் கேட்டபோது, சுவிட்சின் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்து, எப்படி மூடுவது எப்படித் திறப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். தங்கையாவை அடித்த குழாயில் தன் கையும் இருந்ததுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

மேனேஜர் சிங்கப்பூர் போயிருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். பதிவை அச்செடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு உட்கார்ந்து சுவிட்சைப் பூட்டத் தொடங்கினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். எந்தெந்தக் கம்ப்யூட்டர் சுவிட்சுக்குள் நுழையலாம் என்ற பட்டியலில் ஒரே ஒரு முகவரியை எழுதினாள், அந்த அறையிலேயே இருந்த தன் மேசைக் கம்ப்யூட்டருடையது. மற்ற எதையும் உள்ளே விடாதே என்று கீழே ஒரு வரி. மின்சாரம் போய் வந்தாலும் மறக்காதபடி சேமித்து வைத்தாள். பத்து நிமிட வேலை. அக்காவின் இடது காது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக அந்தக் காது கேட்பதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அக்கா சொன்னதை வீட்டில் எல்லாரும் நம்புவதுபோல் கேட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நாகமுத்து படியேறி வந்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியா, தேவி?"

"மாத்திட்டேன், மாமா."

"சொல்லு."

"சொன்னாலும் ஒங்க கம்ப்யூட்டர்லேருந்து உள்ள போவ முடியாது. என்னோடதுக்கு மட்டுந்தான் வுடும்."

"அப்ப ஒன்னோடதுல ஒக்காரு. அஞ்சு நிமிசம்லா. ஏழ மூடிட்டு எந்திரிச்சுப் போயிடு."

அவன் குரல் உயரவேயில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தங்கையாண்ணன அடிச்சது யாரு, மாமா?"

அறை காதோடு விழுந்தது. அவள் சுதாரிப்பதற்குள் கொண்டையைப் பிடித்து, சுவிட்ச் இருந்த இரும்பு அலமாரியின் விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூக்கிலிருந்து சூடாக வழிந்து பல்லில் உப்புக் கரித்தது. விழாமலிருக்க அலமாரியின் சட்டத்தைப் பிடித்தாள். பிடித்த வலது கையின் மேல் அவன் இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"இன்னொரு கை இருக்கு. அதுல டைப் அடி."

அவள் தரையில் சரிந்து, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூடிக் கொடுத்தாலும் இவன் வீட்டுக்குப் போய் அக்காவை அடிக்கத்தான் போகிறான். கொடுக்காவிட்டாலும் அடிக்கப் போகிறான். இதை இத்தனை தெளிவாக அவள் முன்பு நினைத்துப் பார்த்ததில்லை. வலிக்கு நடுவே அந்த நினைப்பு அவளுக்கு ஏனோ தைரியம் கொடுத்தது.

"மாட்டேன்," என்றாள்.

விலாவில் உதைத்தான். கீழே ஒரு லோரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நாகமுத்து ஜன்னலுக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சுவிட்சின் மின்கம்பியைச் சுவரிலிருந்து வேரோடு பிடுங்குவதுபோல் பிடுங்கினான். சுவிட்சின் சின்ன விளக்குகள் மொத்தமாக அணைந்தன.

செத்தது கேட்டு கம்ப்யூட்டர் மட்டுமல்ல. கீழே கையுறை இயந்திரங்களை ஓட்டிய கம்ப்யூட்டர்களும் அந்தச் சுவிட்சையே நம்பியிருந்தன. ஆறு லைனும் நின்றன, சைரன் ஊளையிட்டது. அப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் ஓடி வந்தவள் லைன் லீடர் ராஜம்மா. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். கதவைத் திறந்தவள் தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்னா செஞ்ச நீ?"

அவன் ராஜம்மாவின் நெஞ்சில் முழங்கையால் இடித்தான். அவள் சரிந்தாலும் அவன் சட்டையை விடவில்லை. இன்னொருத்தி அவன் முடியைப் பிடித்தாள். யாரோ கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையால் அவன் முதுகில் போட்டார்கள், திரும்பவும் போட்டார்கள். சட்டை கிழிந்து, முகமெல்லாம் நகக்கீறலோடு அவன் படியில் உருண்டு எழுந்து ஓடினான். கீழே அவன் காடி கிளம்பும் சத்தம் கேட்டது. லோரி கேட்டு முன்னால் அப்படியே நின்றது, டிரைவரைக் காணோம்.

இந்திராதேவி இடது கையால் போனை எடுத்தாள். பாயா ரும்புட்டில் அக்கா வீட்டில் மணி வெகுநேரம் அடித்தது.

"அக்கா, பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு. இப்பவே. மாமா வீட்டுக்குத்தான் வர்றாரு."

"ஒலையில அரிசி கெடக்குடி."

"கெடக்கட்டும்க்கா."

அக்கா போனைக் கேட்கும் காதோடு இறுக்கி வைப்பது சத்தத்தில் தெரிந்தது. "ஒன்னைய அடிச்சாரா?"

"ஆமா."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு லைன் துண்டானது.

மூன்றரை மணிக்கு, கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரி நடையில் போலீஸ்காரரிடம் அவள் சொல்லி முடித்தபோது, பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அச்சுத் தாளில் அவள் விரல் ரத்தம் காய்ந்திருந்தது. நாகமுத்து இன்னும் அகப்படவில்லை என்றார் அவர்.

நடையின் கோடியில் பெரியநாயகி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் மூன்று வயது திவ்யதர்ஷினி. மறு கையில் பெரிய பிளாஸ்டிக் பை, வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"நாங்க பஸ்ஸுல ஏறுறப்ப அவரு காடி சந்துல திரும்புச்சு," என்றாள். தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. "கொடியில ஈரமாக் கெடந்தத அப்படியே வாரிக்கிட்டு வந்துட்டேன்."

குழந்தையைத் தங்கையின் பக்கத்தில் உட்கார வைத்தாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து, காலியாக இருந்த நாற்காலிகளின் முதுகில் விரித்தாள். குழந்தையின் கவுன். தன் ரவிக்கை. துண்டு. கடைசியாகக் கைக்கு வந்தது நாகமுத்துவின் சட்டை. அதைப் பிழியவும் இல்லை, திரும்பப் பைக்குள் போடவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.