மாத்திரை நின்ற பிறகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருடம் என் மனைவி சூசையம்மாள் இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாற்பது வருடம் பக்கத்தில் ஒருத்தி இருமிக்கொண்டே கிடந்த வீட்டில் திடீரென்று சத்தமே இல்லையென்றால், எழுபத்தொரு வயதுக் கிழவன் எப்படித் தூங்குவான்? இதைச் சொல்லத்தான் டாக்டரிடம் போனேன். "தூக்கமில்ல" என்பதற்கு மேல் அந்த மகராசன் என்னைப் பேசவிடவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதினார்.

தூக்கம் வந்தது. கூடவே தலைசுற்றலும் வந்தது. அதற்கு ஒரு புட்டி மருந்து கொடுத்தார். அதைக் குடித்ததில் நாக்கு வறண்டு கண் மங்கியது. மனசு படபடக்கிறது என்றேன், தூக்க மாத்திரையை மூன்றாக்கினார். அவர் பெரிய படிப்புப் படித்தவர். நான் தோல் பதனிடும் ஷாப்பில் எடை போட்டவன். எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் ஏது?

ஈஸ்டருக்கு என் ஒரே மகள் ஆனந்தமேரி திருச்சியிலிருந்து வந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கண்ணெதிரே கிணற்றடியில் விழுந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

"அப்பா, உங்களுக்குப் புத்தி தடுமாறுது. இனிமே தனியா விட்டா ஊரு என்னையத்தான் காறித் துப்பும்."

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. செத்த நேரம் கண்ணசந்துட்டேன், அம்புட்டுத்தான்."

நாக்கு குழறியது. என் பேச்சை நானே நம்பியிருக்க மாட்டேன்.

மறு வாரமே, ஊருக்கு வெளியே கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் என்னைச் சேர்த்தாள். "உடம்பு சரியானதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். மேட்டுப்பட்டியில் நான் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாள்.

இல்லத்தில் மருந்து கொடுக்கும் சிஸ்டர் என் மாத்திரைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த வயசுக்கு இம்புட்டா? மனுசன் விழாம என்ன செய்வாரு?"

கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

ஆத்தாடி, எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தெளிவு! யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். பேப்பர் படித்தேன். வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சமையல்காரியிடம் சண்டை போட்டேன். மகளுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். மாத்திரைதான் என்னைக் கெடுத்தது, இப்போது குணமாகிவிட்டேன், வந்து வீட்டுக்குக் கூட்டிப் போ என்று எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது.

"அப்பா, உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். மூன்றே மாதத்தில் இல்லம் உங்களை இப்படி மாற்றிவிட்டதே! டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். அந்த வீட்டில் தனியாகக் கிடந்ததுதான் உங்களைக் கெடுத்தது. இனி உங்களை அங்கிருந்து கிளப்பும் பாவத்தை நான் செய்ய மாட்டேன். வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன்."

கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்து நீவினேன். என்னத்தைப் பதில் எழுத? சுகமில்லை என்றால் இங்கேயே இருங்கள் என்பாள். சுகம் என்றாலும் இங்கேயே இருங்கள் என்கிறாள். புத்தி தெளிவாக இருந்தது, அதனால் எல்லாம் நன்றாகவே விளங்கியது. முப்பது கட்டில் போட்ட அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.