ஜெர்சியில் இருந்த கோழி

மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டு முன்னறையில் பனியன் அச்சடிக்கும் பட்டறை வைத்திருப்பவள், எத்தனையோ வாடிக்கையாளர்களைச் சமாளித்திருக்கிறாள். சொந்த மாமனாரைத்தான் முடியவில்லை. ஒரு காலத்தில் ஹாக்கி அணிக்குக் கேப்டனாக இருந்தவர். பழைய ஆட்டக்காரர்கள் கூடும் நாளுக்கு அன்றைய ஜெர்சியை அச்சு அசலாகச் செய்து தரச் சொல்லியிருந்தார்.

ஜெர்சி அழகுதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அரக்குச் சிவப்பு, தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக இறங்கும் மஞ்சள் பட்டை, கழுத்தில் பொத்தானுக்குப் பதில் கயிறு. இப்போதைய ஜெர்சிகளைப் போல விளம்பரம் அப்பிக் கிடக்கவில்லை. ஆனால் நெஞ்சில் ஒரு பறவை. கழுகாம். உருண்டை வயிறும் குட்டைக் காலுமாக, முட்டையிட இடம் தேடுகிற கோழி மாதிரி இருந்தது. அவள் விதவிதமாகக் கழுகு வரைந்து காட்டினாள். எல்லாவற்றையும் மாமனார் தள்ளிவிட்டார். கோழி இருந்தால்தான் அது எங்கள் ஜெர்சி என்று ஒரே பிடிவாதம்.

அதோடு விட்டாரா? கூட வந்த பழைய கோல்கீப்பரிடம் வழக்கமான கதையை ஆரம்பித்தார். கழுகு தைக்கச் சொன்னால் மனைவி கோழியைத் தைத்துவிட்டாராம், எதிரணி மைதானம் முழுக்கக் கொக்கரித்ததாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போனார். கல்யாணமான நாளிலிருந்து மருமகள் இதைப் பார்க்கிறாள். இனி அணி முழுவதும் அந்தக் கேலியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரியப்போகிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே போய், "அத்தை, கழுகு எப்படி இருக்கும்னு தெரியாமத்தான் தைச்சீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? அவர்தான் வரைஞ்சு குடுத்தாரு. கோடு மாறக் கூடாதுன்னாரு. நானும் மாத்தல."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. யாரு கேட்டா?"

மருமகள் வெளியே வந்து மாமனார் முன்னால் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தாள். தன் கழுகு எதுவும் பிடிக்கவில்லையென்றால் அவரே ஒரு நல்ல கழுகு வரைந்து தரட்டும் என்றாள். இதென்ன பிரமாதம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

உருண்டை வயிறு வந்தது. குட்டைக் காலும் வந்தது. எட்டிப் பார்த்த கோல்கீப்பர், மேசைமேல் மாதிரிக்காகக் கிடந்த பழைய ஜெர்சியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கேப்டன், இது நம்ம கோழியாச்சே."

மாமனாருக்கு முகம் செத்துப்போனது. இவ்வளவு நாளும் அது தன் கோழி என்று அவருக்கே நினைவில்லை போலிருக்கிறது. கழுகாகவே போட்டுவிடலாம் என்று மருமகளிடம் முனகினார்.

அதற்குள் மாமியார் வந்து தாளை வாங்கிப் பார்த்திருந்தார்.

"வேண்டாம்மா, கோழியே இருக்கட்டும். யாரு வரைஞ்சதுன்னு மட்டும் கீழ போட்டுடு."